பத்து மீட்டருக்குக் குறைவான இடைவெளிகள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் மூன்று பேர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். எல்லைத் தரவுகளில் பிழை பார்க்கும் வேலையை இனிமேல் மென்பொருளே முழுக்கச் செய்துவிடுமாம். பிழையைக் கண்டுபிடிப்பதும் அதுதான், திருத்துவதும் அதுதான். அலுவலக ஆண்டு மலருக்கு, கையால் செய்த நாட்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார்கள். சுவாரசியமாக இருக்கட்டும் மேடம் என்றாள் ஒரு பெண்.

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அன்று மாலை வரை எதிலும் மனம் நிற்கவில்லை. திருத்துவதும் அதுதான் என்ற சொற்கள் காதிலேயே இருந்தன. அதனால் மலருக்கு உகந்த கட்டுரையாக இது வருமா என்று தெரியாமலே எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஓர் அரசு அலுவலகம் என்பது போதும்.

கல்லூரிக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. மழையா வெயிலா, எந்த ரயில், எந்தத் தாளில் வேலை, என்ன புத்தகம் படித்தேன், அவ்வளவுதான். கிழமையும் நேரமும் தவறாமல் போட்டிருப்பேன். இந்தக் கட்டுரைக்காக அவற்றை எடுத்துப் பார்த்தேன். நினைவில் ஒரு மணி நேரம் போல இருந்த ஒன்று, குறிப்பில் பதினொரு நிமிடம் என்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வரைவாளராகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கோடு போடுவதுதான் பயிற்சி. மெழுகுத் துணியில் கறுப்பு மையால், நடுவில் பேனாவை எடுக்காமல், ஒரே கனத்தில் கோடு. பிறகு கிராம வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை. ஒரு கிராமம் ஒரு தாளில் அடங்கும். கிராமம் நீளமாக இருந்து தாளில் இடம் போதாவிட்டால், மிஞ்சிய துண்டை மட்டும் அதே தாளின் ஓரத்தில் தனிக் கட்டம் கட்டி வரைந்திருப்பார்கள். அதற்கு உட்படம் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்துத் தாள்களில் இது நிறைய உண்டு. படியெடுக்கும்போது உட்படத்தைத்தான் முதலில் போட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும் என்று எல்லோரும் சொல்வோம். இருபது வருடம் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு கணினி வந்தது. தாள்களை ஸ்கேன் செய்து, திரையில் அவற்றின் மேல் மவுஸால் கோடு போட்டோம். கணினிக்கு ஒரு கிராமமோ வார்டோ ஒரு மூடிய உருவம். ஒவ்வோர் உருவத்துக்கும் பட்டியலில் ஒரு வரிசை. பெயர், குறியீட்டு எண், எந்தத் தாலுகா, எந்த மூலத்திலிருந்து எடுத்தது, யார் மாற்றியது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று கட்டங்கள். கடைசியில் உள்ள இந்த 'வரை' என்ற கட்டத்துக்காக நான் இரண்டு வருடம் சண்டை போட்டேன். வார்டு மாறினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவதே வழக்கமாக இருந்தது. அழிக்காதீர்கள், முடிந்த தேதியைப் போட்டு வைத்திருங்கள் என்று கெஞ்சுவேன். தேதிப் பைத்தியம் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

அந்தச் சண்டையை நான் ஜெயித்தது ஒரு காய்ச்சலால். சுகாதாரப் பிரிவு ஒன்றிலிருந்து எங்களிடம் வார்டு வாரியாக வரைபடம் கேட்பார்கள். காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கையை அதில் நிறம் போட்டுக் காட்டுவார்கள். ஒரு திங்கட்கிழமை ஒரு வார்டு மட்டும் ரத்தச் சிவப்பாக வந்தது. முந்தைய வாரத்தைப் போல இரண்டு மடங்கு. கொசு மருந்து வண்டிகள் எல்லாம் அங்கே திரும்பின. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, காய்ச்சல் கூடவில்லை, வார்டுதான் கூடியிருந்தது. பக்கத்து வார்டில் இருந்த நான்கு தெருக்கள் இதற்குள் வந்திருந்தன. பழைய எல்லையை யாரோ அழித்துவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அந்த மூன்று நாளும் உண்மையில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த ஒரு தெருவுக்கு வண்டி போகவில்லை. அதற்குப் பிறகு 'வரை' கட்டம் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. திரையில் நாம் போடும் கோட்டை யாரோ எங்கோ அப்படியே நம்பி வண்டியை ஓட்டுகிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு வேலையில் எனக்கு ஒருநாளும் முழு நிம்மதி இருந்ததில்லை.

என் கடைசி அதிகாரி ஸ்ரீதர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நேரடித் தேர்வில் வந்தவர். மெதுவாகப் பேசுவார். பக்கத்து மேஜைக்காரருக்குக் கேட்காது. சரி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒத்துப்போகுது என்பார். எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி, "எதை வச்சு சொல்றீங்க?" என்பதுதான். கோட்டுக்கு மூலம் எது, எந்தத் தாள், எந்த எல்லைக் கல். சரிபார்ப்பை இரண்டு பேர் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் குறியீட்டு எண்ணை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையில் அந்த இடத்தை விரலால் தொட வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். கண் தனக்குத் தெரிஞ்சதைத்தான் பார்க்கும் மேடம் என்றார். மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை என்று நாங்கள் எங்களுக்குள் சிரிப்போம். கடைநிலை ஊழியர்கள் யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. காபி கொண்டுவருகிறவர், கூட்டுகிறவர், அவ்வளவுதான். பயந்த மனிதர். அவருடைய பயம் எங்கள் வேலையைச் சுத்தமாக வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தாம்பரம் மாநகராட்சியான பிறகு வார்டுகள் புதிதாகப் பிரிந்தன. எங்கள் அலுவலகம் கிராம எல்லைகளையும் வார்டு எல்லைகளையும் ஒன்றாக இணைத்து ஒரே தொகுப்பாகத் தர வேண்டியிருந்தது. தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலையை ஒரு தனியார் ஒப்பந்தக்காரர் செய்து அனுப்பியிருந்தார். இரண்டு கிராமத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருபோதும் துல்லியமாகப் பொருந்தாது. நடுவில் மெல்லிய இடைவெளிகள் வரும். எங்கள் அறையில் அதை கேப் என்போம். நிலத்தில் அப்படி ஓர் இடைவெளி இருக்காது. தாள் சுருங்கியதாலும் கை நடுங்கியதாலும் வருவது. அதை மூடிப் பக்கத்து உருவத்தோடு சேர்த்துவிட வேண்டும். கேப் ஒன்றுகூட இல்லை என்று சான்று போட்டால்தான் தொகுப்பை வாங்கிக்கொள்வார்கள்.

நூற்றுக்கணக்கில் கேப்கள் இருந்தன. ஸ்ரீதருடைய முறைப்படி ஒவ்வொன்றையும் படித்து, தொட்டு, தாளோடு ஒப்பிட்டால் இன்னும் மூன்று வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும் என்று மேலே கேட்டிருந்தார்கள். எனக்கும் சனிக்கிழமை குன்றத்தூரில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். நான்தான் ஒரு வழி சொன்னேன். பத்து மீட்டருக்குக் குறைவான அகலம் உள்ள கேப்களைப் பார்க்காமலே மூடிவிடலாம், அதற்கு மேலே உள்ளவற்றை மட்டும் பார்க்கலாம். மூடும்போது எந்தப் பக்கத்து உருவத்தோடு நீளமாக ஒட்டியிருக்கிறதோ அதனோடு சேர்ந்துகொள்ளும். எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் சார் என்றேன். அதுவும் உண்மைதான். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு அந்த விதியைத் தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாலை 4.52க்கு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் மூடினேன். பிழைகள்: 0 என்று வந்தது. நாட்குறிப்பில் அதை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அகலத்தை மட்டும் பார்த்தேன். நீளத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்தத் தொகுப்பு பல இடங்களுக்குப் போனது. மழைக்காலக் கட்டுப்பாட்டு அறை ஒன்றுக்கும் போனது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் என் தங்கை வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்திருக்கிறோம். அதனால் இந்தப் புது ஏற்பாடு எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு வீடும் வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளி எந்த வார்டுக்குள் விழுகிறதோ அந்த வார்டின் முகாம் எது என்று வீட்டுக்காரரின் போனுக்குப் பெயரோடு செய்தி போகும். முகாமில் சாப்பாடு, பாய், மருந்து எல்லாம் அதே பட்டியல்படி.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை. முந்தின நாளிலிருந்து மழை. 10.20க்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். பாதிப் பேர் வரவில்லை. எங்கள் மாடியைக் கூட்டிப் பெருக்கும் கன்னியம்மா மட்டும் வழக்கம்போல வந்திருந்தாள். ஏரியின் உபரி நீர் போகும் வாய்க்காலின் மேற்குக் கரையில் அவள் வீடு. பதினொன்றேகால் இருக்கும், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனை நீட்டினாள்.

"மேடம், இத்தக் கொஞ்சம் பாருங்க. தேவி போனுக்கு வந்துச்சாம், எனக்கு அனுப்பிகீறா."

தேவி அவளுடைய மகள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வீட்டுக்கான பதிவில் இன்னும் அவள் பெயரும் எண்ணும்தான் இருந்தன. செய்தியில் தேவியின் பெயர், வார்டு எண், ஒரு நடுநிலைப் பள்ளியின் பெயர் இருந்தன. பிற்பகல் ஒரு மணிக்குள் முகாமுக்குச் செல்லவும் என்று முடிந்திருந்தது.

"நல்லதுதானே, போகட்டும்" என்றேன்.

"அந்த இஸ்கூலு வாய்க்காலுக்கு அந்தாண்ட கீது மேடம். தரப்பாலத்தத் தாண்டிப் போவணும். எப்பவும் எங்கள இந்தாண்ட கல்யாண மண்டபத்துக்குத்தான் இட்டுனு போவாங்கோ. மொதல்ல தண்ணி ஏர்றதே அந்தப் பாலந்தான்."

"தேவி என்ன சொல்றா?"

"கெளம்பணும்ன்றா. கவர்மெண்டே பேரு போட்டு அனுப்பிகீது, பாலத்து மேல தண்ணி வராதுன்னு பாத்துக்கினுதான அனுப்பிருப்பாங்கன்றா. மாசம் ஒம்போது மேடம். போவச் சொல்லட்டா, வாணான்னு சொல்லட்டா?"

இரு, நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தொகுப்பைத் திறந்து அந்த வாய்க்காலைத் தேடினேன். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாய்க்காலின் மேற்குக் கரையும், கரைமேல் இருந்த முப்பத்தொரு வீடுகளும் கிழக்கு வார்டின் நிறத்தில் இருந்தன. மாற்றியவர் என்ற கட்டத்தில் என் குறியீடு. வெள்ளிக்கிழமை, 4.52.

மேற்குக் கிராமத்தின் பழைய தாளைத் திறந்தேன். அந்தக் கரை, தாளில் இடமில்லாமல், ஓரத்தில் உட்படமாக வரையப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரர் உட்படத்தை ஏற்றவில்லை. அதனால் இரண்டு கிராமங்களுக்கும் நடுவில் நீண்ட, மெல்லிய வெற்றிடம். அகலம் ஒன்பது மீட்டர் சொச்சம். மேற்குப் பக்கம் இரண்டு வார்டுகளாகப் பிரிந்திருந்தது, ஆளுக்குப் பாதி நீளம். கிழக்குப் பக்கம் ஒரே வார்டு, முழு நீளம். ஆகவே என் விதிப்படி அந்தத் துண்டு கிழக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கணினி தப்புச் செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருந்தது.

போகவேண்டாம் என்று உடனே சொல்லச் சொன்னேன். கன்னியம்மா மூன்று தடவை முயன்றாள். தேவியின் போன் அணைந்திருந்தது. காலையிலிருந்து அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டு எண்ணுக்கு மணி அடித்தது, எடுக்க ஆளில்லை.

ஸ்ரீதர் அறைக்கு ஓடினேன். அப்போது 11.35.

"சார், வாய்க்கால் கரையில முப்பத்தொரு வீட்டுக்குத் தப்பான முகாம் போயிருக்கு. பாலத்தைத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கோம்."

"எதை வச்சு சொல்றீங்க?"

தாள் என்றேன். காட்டச் சொன்னார். இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். உட்படத்தில் இருந்த புல எண்களை அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நான் தொட்டேன். அடுத்தது படித்தார். தொட்டேன். ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. சார் சீக்கிரம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரு மணி நேரமாகத் தோன்றிய பதினொரு நிமிடம் அதுதான். அதற்காக அவரை இன்றுவரை என்னால் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசி எண்ணைத் தொட்டதும், ஒத்துப்போகுது என்றார். பிறகு, "எழுத்துல குடுங்க" என்றார்.

நின்றுகொண்டே ஆறு வரி எழுதினேன். எங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். "எங்கள்னா யாரு?" என்றார். அடித்துவிட்டு, என் கவனக்குறைவால் என்று எழுதினேன். அவர் தாளை வாங்கி அதன் கீழே, இந்த விதியை ஏற்றுக் கையொப்பமிட்டவன் நான் என்று எழுதிக் கையெழுத்தையும் நேரத்தையும் போட்டார். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார். எழுந்து நின்றார்.

கட்டுப்பாட்டு அறையில் எடுத்தவருக்கு முதலில் விளங்கவில்லை. மேப்புல அப்படித்தானே சார் இருக்கு என்கிற குரல் எனக்கே கேட்டது. ஸ்ரீதர் உரக்கப் பேசியதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "மேப்பு தப்புன்னு மேப்பு போட்டவனே சொல்றேன். முப்பத்தொரு நம்பர், உடனே நிறுத்துங்க." மின்னஞ்சலில் வேண்டும் என்றார்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நேரில் போங்கள் என்றார்.

கன்னியம்மாவும் நானும் ஆட்டோவில் போனோம். பாதி வழியில் தண்ணீர் தேங்கி, ஆட்டோக்காரர் இதுக்கு மேல போவாதுக்கா என்று நிறுத்திவிட்டார். முழங்காலளவு தண்ணீரில் நடந்தோம். கன்னியம்மா எனக்கு முன்னால் நடந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன நடந்தது என்று அவளிடம் நான் இன்னும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. மெசேஜ் தப்பா வந்திருக்கு என்று மட்டும் சொல்லியிருந்தேன். தானாக வந்தது போல.

தரைப்பாலத்தை அடைந்தபோது 12.50. பாலத்தின்மேல் கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் பிளாஸ்டிக் உறைக்குள் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் படித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், தன்னார்வலராக வந்திருந்தார்.

யாரையும் அனுப்பாதீர்கள், இவர்கள் மண்டபத்துக்குப் போக வேண்டியவர்கள் என்றேன்.

"லிஸ்ட்ல அந்தாண்டதான் கீதும்மா. மண்டபத்துல இவங்களுக்குச் சோறே சொல்லல. நான் இன்னா பண்றது?"

"அந்த லிஸ்ட் தப்புங்க. நான்தான் போட்டேன்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். புடவை முழங்கால்வரை நனைந்து, செருப்பு ஒன்றைத் தண்ணீரில் விட்டிருந்தேன்.

"நீயா போட்ட? அப்ப இத்த நேத்தே வந்து சொல்றதுக்கு இன்னாமா?"

அதற்குள் அவர் போனுக்கும் புதுச் செய்தி வந்துவிட்டது. படித்துப் பார்த்துவிட்டு, பாலத்தில் இறங்கியவர்களைக் கூவித் திருப்பினார். பாதி தூரம் போன ஒரு கிழவரைத் தானே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சோறு நான் சொல்லிக்கிறேன், எல்லாரும் மண்டபத்துக்கு நடங்க என்றார். கன்னியம்மா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவி அதில் இல்லை. முதலில் கிளம்பியவர்களோடு பன்னிரண்டு மணிக்கே தாண்டிப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அவள் கை நீட்டிய திசையில் பார்த்தோம். எதிர்க்கரை மேட்டில், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் அருகே, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மஞ்சள் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தாள்.

கன்னியம்மா இறங்கப் போனாள். ஹார்டுவேர் கடைக்காரர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். நீ போய் இன்னா பண்ணப் போற, தண்ணி ஏறிக்கினே கீது, புள்ளத்தாச்சிய இதுல இட்டாற முடியாது, அப்பால ரெண்டு பேருக்கும் சேத்து கயிறு போடணும் என்றார். அவள் உதறினாள். அவர் விடவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தோம். 2.40க்குப் பாலத்தின் ஓரக் கற்கள் மறைந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே உள்ள சாலையும் மூழ்கிவிட்டது என்று நான்கு மணிக்குத் தகவல் வந்தது. மருத்துவமனை எங்கள் பக்கம். பள்ளிக்கூடம் இருந்த மேடு தனித் தீவாகிவிட்டது. அங்கே ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருப்பதற்குக் காரணம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை எனக்கு வீட்டுக்குப் போக அவசரமாக இருந்தது.

அடுத்த இரண்டு நாட்களுக்கு நாட்குறிப்பில் வாக்கியங்கள் இல்லை. கன்னியம்மாவின் போனிலிருந்து எத்தனை மணிக்கு முயன்றோம் என்ற நேரங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. அணைந்திருக்கிறது, அணைந்திருக்கிறது என்று எதிரே. மண்டபத்தில் அவளோடு தங்கிவிட்டேன். ஸ்ரீதர் மணிக்கொரு முறை கூப்பிட்டார். படகுக்குச் சொல்லியிருக்கிறேன், மருத்துவரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்பார். கூட்டுகிறவர் பெயர்கூடத் தெரியாத மனிதர், கடைசியில் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒரே சொல்தான். "தேவி?" இன்னும் இல்லை சார் என்பேன். வைத்துவிடுவார்.

அந்த இரண்டு நாளில் ஒருமுறை, வியாழக்கிழமை பகலில், கன்னியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கேப் என்றால் என்ன, பத்து மீட்டர் என்றால் என்ன என்றெல்லாம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது அற்பமாக ஒலித்தது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க வூட்டாண்ட வந்து ஒரு தபா பாத்தியா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். தினம் என் மேஜையைத் துடைத்தவளின் வீடு எங்கே இருக்கிறது என்று நான் அதுவரை கேட்டதும் இல்லை.

வேலை சம்பந்தமாகப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை மூடிய கேப்கள் அத்தனையையும் திரும்பத் திறந்தோம். ஒவ்வொன்றையும் படித்து, தொட்டு, சந்தேகம் வந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. அவற்றில் இன்னும் இரண்டு உட்படங்கள் இருந்தன. ஒன்று வெறும் சுடுகாட்டுப் பாதை. மற்றொன்றில் வீடுகள் இருந்தன. ஸ்ரீதரிடம் விளக்கம் கேட்டார்கள், என்னிடமும் கேட்டார்கள். இருவரும் எழுதிக் கொடுத்தோம். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நான் அதே மேஜையில் ஓய்வு பெற்றேன். புது மென்பொருளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் கொடுத்த விதியை ஒரு பழைய மென்பொருள் எவ்வளவு ஒழுங்காகச் செய்தது என்று பார்த்தவள் நான். புதிதாக வந்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அது மூடும் இடங்களின் பட்டியலை யாராவது படிக்கிறார்களா? படிக்கிறவர் நீளத்தையும் பார்க்கிறாரா?

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டது. 9.15க்குப் படகு வந்தது. அதில் ஏழு பேர் இருந்தார்கள். கடைசியில் தேவி, ஒரு காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகம் வெளுத்து, கால்கள் வீங்கியிருந்தன. வயிற்றில் குழந்தை அசைகிறதா என்று கன்னியம்மா முதலில் கேட்டாள். உதைக்கிறது என்றாள். கன்னியம்மா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்ரீதரைக் கூப்பிட்டு, வந்துவிட்டாள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

மருத்துவமனைக்குப் போக ஆட்டோ வரும்வரை மண்டப வாசலில் நின்றோம். கரைமேல் இருந்த வீடுகளில் மார்பளவு தண்ணீர் புகுந்திருந்ததைத் தேவி படகிலிருந்தே பார்த்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவோடு வேலை செய்கிறவர் என்று நினைத்திருப்பாள்.

"நல்லவேள அந்த மெசேஜ் வந்துச்சுக்கா. இல்லாங்காட்டி வூட்டுலயே படுத்துக்கினு இருந்திருப்பேன். எவனோ ஒருத்தன் எம்பேர கரீட்டா எழுதி வச்சிகீறான் பாரு."

கன்னியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. நானும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆட்டோ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அதை எழுதினது நான்தாம்மா. தப்பா எழுதிட்டேன். நீ இந்த மண்டபத்துக்கு வந்திருக்கணும். பாலத்தைத் தாண்டியே இருக்கக் கூடாது."

அவள் வாய்க்கால் பக்கம் பார்த்தாள். பாலம் இன்னும் தெரியவில்லை.

"அப்ப அடுத்த வாட்டி மெசேஜ் வந்தா நம்பலாமா, வாணாமா?"

நம்பலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நம்பாதே என்றும் சொல்ல முடியவில்லை. சரியான செய்தியை நம்பாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கரையில் கண்ணெதிரே இருந்தது. மெசேஜையும் பாரு, தண்ணியையும் பாரு என்று ஏதோ சொன்னேன்.

கன்னியம்மா மகளை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்தாள். தானும் ஏறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணிய எப்பிடிப் பாக்கறதுன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். நீங்க பாருங்க."